கூச்சம்

மருத்துவர் கைலியை விலக்கியதும் ஜெரால்டின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படுக்கையில் கிடந்தவர் அவளுடைய அப்பா மாரிஸ். காலையிலிருந்து கடுமையான காய்ச்சல். மூத்திரம் பழுப்பு நிறத்தில், கெட்ட வாடையோடு சொட்டுச் சொட்டாகப் போனது. சாலாக் செலாத்தான் அடுக்குமாடி வீட்டிலிருந்து அவரைத் தனியாகத்தான் மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருந்தாள். கீழ்வீட்டுச் சீனர் சக்கர நாற்காலியைக் காரில் ஏற்றிக் கொடுத்தார்.

"எவ்வளவு நாளாக இப்படி வீங்கியிருக்கிறது?" என்று மலாயில் கேட்டார் மருத்துவர். சின்ன வயதுக்காரர்.

எது வீங்கியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"திரும்பிப் பாருங்கள், அக்கா."

பார்த்தாள். அப்பாவின் விதைப்பையில் ஒரு பக்கம் ஆரஞ்சுப் பழம்போலப் பருத்து, தோல் சிவந்து, பளபளவென்று இழுபட்டிருந்தது. அந்த இடத்தை அவள் இதற்குமுன் கண்ணால் பார்த்ததே இல்லை.

பக்கவாதம் வந்ததில் மாரிஸுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. பிரிக்பீல்ட்ஸ் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வாசகம் வாசித்த மனிதர். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். இப்போது எதைக் கேட்டாலும் "ஆமா" என்பார். இல்லை என்பதற்கும் அதுதான்.

மருத்துவர் மெல்ல அழுத்தினார். வலிக்கிறதா?

"ஆமா."

வயிற்றைத் தொட்டார். இங்கே?

"ஆமா."

நெற்றியைத் தொட்டார். அதற்கும் அதே பதில். மருத்துவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

தினமும் படுக்கப் போகுமுன் அவளும் கேட்பாள். "டேடி, எல்லாம் ஓகேவா?" அவர் ஆமா என்பார். அவள் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவாள்.

பக்கவாதத்தின்போது மூத்திரம் போகக் குழாய் போட்டிருந்தார்கள் இல்லையா, அப்போது தொற்றிய கிருமி கீழே இறங்கி விதைவரை போயிருக்கலாம் என்றார் மருத்துவர். ஒரு வாரத்துக்கு மேலாவது இருக்கும். சீழும் கட்டியிருக்கலாம். வார்டில் சேர்த்து மருந்து ஏற்றிப் பார்க்கலாம். கேட்காவிட்டால் அந்தப் பக்கத்து விதையை எடுத்துவிட வேண்டியதுதான்.

"துணி பட்டாலே உயிர் போகும் வலி இது," என்றார்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று இருந்தது அவளுக்கு.

கழுவி, டயப்பர் மாற்றுவது எல்லாம் அவள்தான். ஆனால் எல்லாமே கைலிக்கு அடியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி கால்வின் ரவாங்கிலிருந்து வருவான். அப்பாவைக் குளியலறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும். ஆம்பளைக்கு ஆம்பளை, அவன் சரியாகத் தேய்த்து விட்டுவிடுவான் என்ற நம்பிக்கையில் அவள் சமையலைக் கவனிப்பாள்.

வராந்தாவுக்கு வந்து தம்பியைப் போனில் அழைத்தாள்.

"கால்வின், சண்டே டேடிய குளிப்பாட்டினப்போ கீழ வீங்கியிருந்தத நீ பாக்கலியா?"

தொழிற்சாலை இரைச்சல் கேட்டது. பிறகு அது தேய்ந்தது. அவன் வெளியே வந்திருக்க வேண்டும்.

"இல்லக்கா. அங்க கைய கொண்டு போனாலே டேடி தட்டி விட்டுருவாரு. கண்ணுல தண்ணி வந்துரும். மவன்கிட்ட கூச்சப்படுறாருன்னு நெனச்சி, கைலியோடயே தண்ணிய ஊத்திட்டு கூட்டியாந்துருவேன்."

ஜெரால்டினுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

அவளையும் அவர் தடுத்துக்கொண்டுதான் இருந்தார். டயப்பரைக் கழற்றப் போகும்போதெல்லாம் நல்லாயிருந்த இடது கை வந்து அவள் மணிக்கட்டை இறுகப் பிடிக்கும். மகள் கை படுவது அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டாள். போன வாரம் பூசை முடிந்து வெளியே நின்ற பெண்களிடம்கூடச் சொல்லியிருந்தாள், அப்பாவுக்குப் பேச்சுத்தான் போச்சு, மானம் போகல என்று. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் கையைப் பிடிப்பதைத் தம்பியிடம் சொன்னதில்லை. அவனும் அவளிடம் சொன்னதில்லை. அப்பாவின் மரியாதையை இரண்டு பேருமே காப்பாற்றியிருந்தார்கள்.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"நீ வா," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

உள்ளே போனபோது ஒரு தாதி, வீக்கத்துக்கு அணையாகத் துண்டைச் சுருட்டி அவர் தொடைகளுக்கு நடுவே வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாரிஸின் இடது கை குறுக்கே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

தாதி பக்கத்துப் படுக்கையருகே நின்ற இன்னொரு தாதியைப் பார்த்துச் சிரித்தாள். "அங்கிள் மாலு லா." அங்கிளுக்கு வெட்கமாம்.

"மாலு இல்ல, மிஸ்ஸி," என்றாள் ஜெரால்டின். குரல் உடைந்து சத்தமாக வந்தது. "வலி. அவருக்கு வலிக்குது."

மாரிஸ் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார்.

கையை மட்டும் எடுக்கவில்லை.