ஆளுக்கொரு பேச்சு

“அக்கா, ஒரு பொம்பளகிட்ட துக்கச் சேதி சொல்லணும். எப்படிச் சொல்லன்னு தெரியல” என்றார் மேனேஜர் கோகுலகிருஷ்ணன்.

இசக்கிச்செல்வி ஜன்னல் வழியாக பேக்கிங் ஷெட்டைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் சந்தனமாரி குனிந்தபடி தீப்பெட்டி பண்டல் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போனவன். ரெண்டு நாளாகப் போனே வரவில்லை என்று காலையில்கூட மூக்கைச் சிந்தினாள்.

“சந்தனமாரிக்குத்தானே?”

மேனேஜர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். இசக்கிச்செல்விக்கு அதுவே போதுமாக இருந்தது.

கழுகுமலை ரோட்டில் இருக்கும் அந்தத் தீப்பெட்டி ஆபீஸில் அவள் இருபது வருஷமாக சூப்பர்வைசர். அறுபது பெண்களில் யாரிடம் எந்தப் பேச்சு செல்லும் என்பது அவளுக்கு அத்துபடி. முத்துத்தாயை நாலு பேர் முன்னால் மெச்ச வேண்டும். வள்ளிமயிலை மெச்சினால் சந்தேகப்படுவாள்; அவளுக்கு எதற்கு, ஏன் என்று விவரம் சொன்னால்தான் கை ஓடும்.

கோகுலகிருஷ்ணனுக்கு அது வராது. எல்லாரிடமும் ஒரே பேச்சு. போன வருஷம் பெத்தம்மாளின் தம்பி இறந்த சேதியை, நாளைக்கு லீவு இல்லை என்பதுபோல வாசலில் நின்றே சொல்லிவிட்டார். அவள் விழுந்த வேகத்தில் நெற்றி கிழிந்தது. ஷெட்டுக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது என்பதால் யார் வீட்டுச் சேதியும் முதலில் அவருக்குத்தான் வரும். அன்றிலிருந்து துக்கச் சேதி சொல்லும் வேலையை இசக்கிச்செல்வியிடம் விட்டுவிடுவார்.

“உக்காருங்க அக்கா. தண்ணி குடிங்க.”

“எனக்கெதுக்கு சார் தண்ணி?” அவள் நின்றுகொண்டே பேசினாள். “சந்தனமாரிகிட்ட பட்டுன்னு போட்டு உடைச்சிராதீங்க. பயந்த பிள்ளை. மொதல்ல அவ நாத்தனாருக்குச் சொல்லி வரவைங்க. நான் அவ கையைப் பிடிச்சு வாசல் கேட்டு வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போறேன். நடக்க நடக்கத்தான் சொல்லணும். அவளே கேப்பா. கேட்டதுக்கு மட்டும் சொல்லுவேன்.”

“சரி” என்றார் மேனேஜர். பேனாவை மேசையில் வைத்துவிட்டு, “கல்லு மாதிரி ஒரு ஆளு இருக்காவன்னு வைங்க. சுத்தி வளைச்சாப் பிடிக்காது. அவியகிட்ட எப்படிச் சொல்ல?” என்று கேட்டார்.

“சந்தனமாரியா கல்லு? இத்தனை நாளாப் பாத்தும் உங்களுக்கு ஆளே பிடிபடல, சார்.”

“இல்லக்கா, சும்மா கேக்கேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனுஷன் இப்போதாவது கேட்கிறாரே என்றிருந்தது. மனசும் இன்று லேசாக இருந்தது. புரட்டாசி முழுக்க ஏமாற்றிய மழை, மதியம் இடியும் மின்னலுமாக ஒரு மணி நேரம் ஊற்றிவிட்டு ஓய்ந்திருந்தது. உள்ளே வரும்போதே, “எங்க உளுந்து பொழச்சிட்டு சார். எங்க வீட்டுக்காரவிய ஆட்டையெல்லாம் விட்டுட்டு காட்டுல ஆடிக்கிட்டு நிப்பாவ” என்று சொல்லியிருந்தாள். புருஷன் மாரிச்சாமி பத்து நாளாக வானத்தைப் பார்த்து ஏசிக்கொண்டிருந்தவர். மேனேஜர் அதற்குச் சிரிக்கவில்லை. அடுத்தவள் வீட்டில் சாவு விழுந்திருக்கும்போது உளுந்தைப் பற்றிப் பேசினோமே என்று இப்போது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

“அந்த மாதிரி ஆளுககிட்ட இழுக்கக் கூடாது சார்” என்றாள். “ஆஸ்பத்திரிங்கது, சீரியஸுங்கது, அதெல்லாம் அவுகளுக்கு வதை. மூஞ்சியைப் பாத்து ஒரே பேச்சுல சொல்லிரணும். அவிய தாங்கிக்கிடுவாவ. நாமதான் தாங்க மாட்டாவளோன்னு பொய் சொல்லுதோம்.”

“நெசமாவா அக்கா?”

“நெசமாத்தான். சரி, நேரமாவுது. நான் போய் அந்தப் பிள்ளையைப் பாக்கேன்.”

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பினாள். கோகுலகிருஷ்ணன் வேகமாக எழுந்து வந்து கதவை மறித்து நின்றார்.

“அக்கா, சந்தனமாரிக்கு இல்ல.”

“பெறகு யாருக்கு?”

அவர் தரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

“மாரிச்சாமி அண்ணாச்சி இறந்துட்டாவ. மழைக்கு ஒதுங்கி ஒடை மரத்தடியில நின்னுருக்காவ. இடி விழுந்துட்டு. பக்கத்துக் காட்டு மணிராஜ் போன் பண்ணுனாரு. அங்கனயே உசுரு போயிட்டு.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

இசக்கிச்செல்வி அழவில்லை. விழவும் இல்லை. ஷெட்டில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். ஒரு பண்டல் தொப்பென்று வண்டியில் விழுந்தது. அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதிலிருந்து இன்னும் ஏதோ வரவேண்டியது பாக்கி இருப்பதுபோல.

இருபது வருஷத்தில் ஒரு மேனேஜரையும் தொட்டுப் பேசாதவள், மெல்லக் கை நீட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“உசுரு இருக்குன்னு சொல்லுங்க சார்.”