நிலாக்குட்டியின் பின்னூட்டம்

"அண்ணே, உங்க மீசைக்கும் இந்த 'நிலாக்குட்டி'ங்கற பேருக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?"

லிஃப்ட் மோட்டார் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே கேட்டான், கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன். லிஃப்ட் மெக்கானிக் சட்டென்று கைபேசியை மார்போடு சேர்த்து மறைத்துக்கொண்டார். பயனில்லை. அவன் எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிட்டான்.

"சத்தம் போடாதே. என் பொண்ணு கதை எழுதுறா."

"எழுதட்டுமே, நல்ல விஷயம்தானே?"

"விண்கப்பல் சீரியல் ஒண்ணு பாதியில நின்னு போச்சுல்ல, அதோட மிச்சக் கதை. ரசிகருங்க எல்லாம் சேர்ந்து ஒரு தளம் வச்சிருக்காங்க. ஆளுக்கொரு முடிவா எழுதி அதுல போடுறாங்க. மத்தவங்க கதைக்கெல்லாம் பின்னூட்டம் மழையாக் கொட்டுது. இவ கதைப் பக்கம் ஈ காக்கா இல்ல."

"அதனால ஈயும் காக்காயும் நீங்களே ஆயிட்டீங்க!"

"பதினேழு வயசுப் பொண்ணுன்னு போட்டு வச்சிருக்கேன். படிக்கிறது அப்பன்னு தெரிஞ்சா சங்கடப்படுவா இல்ல?"

எலக்ட்ரீஷியனுக்குப் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே, "நான் வேணா 'பூங்குயில்'னு ஒரு கணக்கு ஆரம்பிக்கட்டா?" என்றான்.

"வேணாம். உன் தமிழைப் பார்த்தா கதையையே நிறுத்திடுவா."

சிரித்துப் பேசினாரே தவிர, மனுஷருக்கு உள்ளுக்குள் உதறல். மனைவி இறந்துபோனதிலிருந்து மகளுக்கு இந்தக் கதைதான் கொழுகொம்பு என்று நம்பிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்ததும் அறைக்குள் போய் எழுத உட்கார்ந்துவிடுவாள். வாரம் ஒரு அத்தியாயம். விண்வெளியில் தொலைந்துபோன எஞ்சின்காரி கப்பலுக்குத் திரும்பி வருவாளா, மாட்டாளா என்பதுதான் கதை.

நன்றாகவே எழுதினாள். எஞ்சின்காரியின் பேச்சை அப்படியே உரித்து வைத்திருப்பாள். சின்னச் சின்ன விஷயங்களில்தான் சறுக்குவாள். இடதுகைக்காரியான எஞ்சின்காரி இவள் கதையில் வலது கையால் ஸ்பேனர் பிடிப்பாள். சீரியலில் பக்கவாட்டில் திறக்கும் கப்பல் லிஃப்ட்டின் கதவு இவள் கதையில் மேல்நோக்கித் திறக்கும். மற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், லிஃப்ட் விஷயத்தில் ஒரு மெக்கானிக் எப்படிச் சும்மா இருப்பார்? நிலாக்குட்டி பணிவாகத் திருத்தம் சொல்வாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அப்பா மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொள்வார்.

"அதுசரி, இன்னிக்கு ஏண்ணே முகம் தொங்கிக் கிடக்கு?"

"அடுத்த அத்தியாயத்தோட கதையை முடிக்கிறேன்னு போட்டிருக்காடா. முடிச்சுட்டா அப்புறம் என்ன பண்ணுவா? சுவத்தையே வெறிச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்துடுவாளோன்னு பயமா இருக்கு."

எலக்ட்ரீஷியன் இப்போது சிரிக்கவில்லை. "எழுதுங்கண்ணே. நிலாக்குட்டி கெஞ்சினா கேட்பா."

மெக்கானிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் அடித்தார்.

'நலம், நலமறிய அவா. அக்கா, தயவுசெய்து கதையை முடிக்க வேண்டாம். எஞ்சின்காரி வருவாள் என்று காத்திருக்கிறேன். இந்தக் கதை இல்லையென்றால் எனக்குச் சாயங்காலம் நகராது.'

கடைசி வரி எப்படி வந்து விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அழிக்க மனமில்லாமல் அனுப்பிவிட்டார்.

மாலையில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் அறையை விட்டு வெளியே வந்தாள். சோபாவில், அவள் அம்மா எப்போதும் உட்காரும் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு சின்னப் பொண்ணு கதையை முடிக்காதேன்னு அழுவுறா."

"அப்படியா?" அவர் முகத்தில் ஆச்சரியத்தை வரவழைத்துக்கொண்டார். "பாவம், சின்னஞ்சிறுசு மனசை நோகடிக்கலாமா? எழுதும்மா."

"எழுதத்தான் போறேன். இனிமே யாருக்கும் இந்தக் கதை தேவைப்படாதுன்னு நெனச்சேன். தப்பு போலிருக்கு."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

"ஆனா அந்தப் பொண்ணு பாவம்தாம்பா," என்றாள் மகள். "பதினேழு வயசுலயே வெள்ளெழுத்துக் கண்ணாடி."

அவர் கை தானாகக் கண்ணாடி இருந்த சட்டைப்பையைப் பொத்தியது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி முழித்தார்.

"எப்போ... எப்போ தெரிஞ்சுது?"

"மொத நாளே. எந்தப் பதினேழு வயசுப் பொண்ணுப்பா 'நலம், நலமறிய அவா'ன்னு ஆரம்பிப்பா?"

வெட்கம் பிடுங்கித் தின்றாலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும்தான் உறைத்தது.

"நான்னு தெரிஞ்சுமா இத்தனை நாளா எழுதினே? என்னை விட்டா படிக்க ஆளே இல்லையேம்மா. அந்த சீரியல்னா உனக்கு உசிரு, அதான் யாரும் படிக்காட்டியும் எழுதுறேன்னு நெனச்சேன்."

இல்லை என்று மகள் தலையசைத்தாள். கண் தளும்பி நின்றது.

"நான் அந்த சீரியலைப் பார்த்ததே இல்லப்பா. நீங்களும் அம்மாவும் உட்கார்ந்து பார்க்கறப்போ, கதவுக்கு அந்தப் பக்கம் என் காதுல விழுந்ததுதான் எனக்குத் தெரிஞ்ச கதை. அம்மா போனப்புறம், அதே நேரத்துக்கு வந்து, டி.வி.யைக்கூடப் போடாம அது முன்னால உட்கார்ந்திருந்தீங்களே... அன்னிக்குத்தான் எழுத ஆரம்பிச்சேன்."