ஏழு தப்பு

பூதக்கண்ணாடி முப்பத்தெட்டாவது வரிசையில் வந்து நின்றது. அவளுக்கு மூச்சும் அங்கேயே நின்றது.

ஆசிரியர் கையில் இருந்த பொருளுக்கும் அதுதான் பெயர், ஆசிரியருக்கும் அதுதான் பெயர். ஜவுளி வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகள் வைத்தது. அந்தக் கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, பின்னல் வகுப்பில் யார் எதைக் கொண்டுவந்தாலும் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பார்ப்பார்.

மேஜைமேல் கிடந்தது ஒரு சாம்பல் நிற மஃப்ளர். இதில் பாஸானால் அவள் கடைசி வருஷத்துக்குப் போவாள். இல்லையென்றால் இதே பெஞ்சில் இன்னொரு வருஷம், தங்கை வயசுப் பிள்ளைகளோடு.

போன தடவையும் மஃப்ளர்தான். பஸ்ஸில், சாப்பாட்டு மேஜையில், பல் டாக்டர் வாசலில் என்று மூன்று வாரம் உட்கார்ந்து இரண்டு ஊசியால் பின்னியது. ஒரு கண்ணிகூட ஏறவில்லை, இறங்கவில்லை. அம்மா தடவித் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரிகளை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

பூதக்கண்ணாடி பத்து நிமிஷம் தேடினார். ஒரு தப்பும் கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் தப்பாகப் போயிற்று.

"கையால பின்னினா இப்படி வராதும்மா. இது மெஷின். யாரை ஏமாத்தப் பாக்குற?"

சத்தியம் பண்ணிப் பார்த்தாள். ஊசி பிடித்துக் காய்த்துப்போன விரலை நீட்டினாள். இங்கேயே உட்கார்ந்து பத்து நிமிஷம் பின்னிக் காட்டுகிறேன் என்றாள். என் முப்பது வருஷ அனுபவத்தைவிட உன் பத்து நிமிஷம் பெரிசா என்று கேட்டுவிட்டு முட்டை போட்டார்.

தறி வகுப்பில் இந்தத் தொல்லையே கிடையாது. தறி ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடும், யார் நெய்தது என்று அதுவே சாட்சி சொல்லிவிடும். பின்னல் ஊசி பாவம், வாயில்லாப் பூச்சி.

அந்த மஃப்ளரைத் திருப்பியும் தரவில்லை. வகுப்பு வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி, கீழே சீட்டு ஒட்டினார்: 'இயந்திரப் பின்னல் – மாதிரி'.

பட்டது போதும் என்று இந்தத் தடவை கட்டம்போட்ட தாளை எடுத்தாள். எண்ணி ஏழு தப்பு குறித்தாள். பதினொன்றாவது வரிசையில் ஒரு கண்ணி தளர வேண்டும். இருபத்தாறில் ஒன்று நழுவ வேண்டும். முப்பத்தெட்டில் ஓரம் லேசாக உள்ளே வாங்க வேண்டும். எங்கே தப்பு பண்ணினால் எடுப்பாக இருக்கும் என்று யோசித்தே அவளுக்குத் தலைவலி வந்துவிட்டது.

இப்போது பூதக்கண்ணாடி முப்பத்தெட்டை விட்டு நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

வகுப்பு முழுவதையும் கூப்பிட்டார். இதோ, இந்த இடத்தில் இந்தப் பெண் களைத்திருக்கிறாள். இங்கே யாரோ கூப்பிட, திரும்பியிருக்கிறாள். இங்கே மனசில் ஏதோ கவலை. கைரேகை பார்க்கிறவர் மாதிரி வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பிள்ளைகள் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

கையால் பின்னினாயா என்று இந்தத் தடவை யாரும் கேட்கவே இல்லை.

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

கண்காட்சியில் வைக்க இதே மாதிரி இன்னொன்று வேண்டும், மூன்று வாரம் போதுமா என்று கேட்டார். போதும் சார் என்று தலையாட்டினாள்.

வாசலில் அந்தப் பழைய மஃப்ளர் தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி சீட்டைப் படித்துவிட்டு, உயிரே இல்லை பாரேன் என்று தோழியிடம் உதட்டைப் பிதுக்கினாள். அதைப் பின்னியவளுக்குப் பல் டாக்டர் வாசல் ஞாபகம் வந்தது. விறுவிறுவென்று படியிறங்கிவிட்டாள்.

கீழ்த்தளத்தில், மெஷின் ரூம் அண்ணன் பின்னல் மெஷினில் நூல்கண்டு மாற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்த ஏழு தப்பு டிசைனை அழிச்சிடலையே? இன்னொன்னு வேணும்."

அண்ணன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார். இருக்கிறது, நாற்பது நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் போய் டீ குடித்துவிட்டு வா என்றார்.