நகராத புள்ளிகள்

பூங்கோதை காலையில் கணினியைத் திறந்தால் முதலில் வேறெதையும் பாராள்.

பறவை வரைபடத்தைத் திறப்பாள். அதன் அடியிலுள்ள காலக்கோட்டைப் பிடித்து, சனவரியிலிருந்து இன்றுவரை மெல்ல ஒருமுறை இழுப்பாள். ஆறு பறவைகள்; ஆறு நிறக் கோடுகள். அவை வடக்கே ஏறி, இமயத்தைத் தாண்டி, மீண்டும் தெற்கே இறங்கும். அதற்குள் மேசைமேல் தேநீர் ஆறிவிடும்.

எங்கேனும் ஒரு கோடு திக்கினால், அன்று அவளுக்குச் சோறு இறங்காது.

ஓராண்டு உழைப்பு. திங்கட்கிழமை வெளியீடு. பள்ளிப் பிள்ளைகள் தொட்டு நகர்த்திப் பார்க்கப்போகும் படம்.

இன்று வெள்ளி.

ஆசிரியர்களுக்கென்று ஒரு பொத்தான் வேண்டுமெனக் கேட்டிருந்தார்கள். அழுத்தினால், திருத்தப்படாத மூலப் புள்ளிகள் அத்தனையும் தெரியவேண்டும். நண்பகலுக்குள் அதைச் செய்து முடித்து, அழுத்திப் பார்த்தாள்.

ஐந்து பறவைகள் சரியாக இருந்தன.

ஆறாவது, கருவால் மூக்கன். வேதாரணியத்து உப்பளக் கரையில் பறவைச் சரணாலயக் காவலர் வேதையன் தம் கையாலேயே முதுகில் கருவி கட்டிப் பறக்கவிட்ட பறவை. சைபீரியாவரை சென்று, செப்டம்பரில் திரும்பி, அவருடைய கரைக்கு இன்னும் பதினான்கு கிலோமீட்டர் இருக்கையில் காணாமற்போயிற்று.

அவளுடைய படத்தில் கோடு அங்கே முடிந்திருந்தது.

மூலத்தில் முடியவில்லை.

ஒரே இடத்தில், புள்ளியின்மேல் புள்ளியாக, நூற்றுக்கணக்கில் குவிந்து கிடந்தது. பதினொரு நாள்.

செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கினாள். சதுரம் சதுரமாக இறால் குட்டைகள். பறவைகள் இறங்காதிருக்க அவற்றின்மேல் நைலான் வலை கட்டுவார்கள் என்று வேதையனே ஒருமுறை சொல்லியிருந்தார்.

கருவி, பறவையின் அசைவையும் பதியும். அந்த எண்களைத் தேடி எடுத்தாள்.

முதல் மூன்று நாள் அசைவு இருந்தது.

நான்காம் நாள் இல்லை.

அந்தப் புள்ளிகளை மறைத்த விதி அவள் எழுதியது. தொடக்கத்தில், பறவைகள் தங்கிய இடங்களிலெல்லாம் புள்ளிகள் மொய்த்து, படம் மை கொட்டிய தாள்போல் இருந்தது. ஒரு பகல் முழுதும் ஐம்பது மீட்டருக்குள் நின்ற புள்ளிகளைக் காட்டவேண்டா என்று ஒரே வரியில் கட்டளை எழுதினாள். கோடுகள் தெளிந்து ஓடின. அலுவலகத்தில் கைதட்டினார்கள்.

மூல எண்களை ஆய்வாளர்கள் ஆண்டு முடிவில்தான் பார்ப்பார்கள். வேதையனுடைய கைப்பேசியில் இருந்ததோ அவளுடைய படம் ஒன்றே. அவர் ஒருவர்தாம் அதைக் கண்டு கேட்டவர்.

"ஏம்மா, ஒங்க படத்துல மூக்கன் நிக்கவே மாட்டேங்குதே? எங்க வூட்டுக்காரிகூட உக்காந்துதாம்மா சாப்புடுவா."

அவள் சிரித்தாள். பார்க்க அழகாயிருக்க வேண்டுமல்லவா, அண்ணே என்றாள்.

பறவை தொலைந்த நாள்களில் அவர் நாள்தோறும் அழைத்தார். புள்ளி வந்ததா என்று கேட்பார். படத்தைப் பார்த்து, வரவில்லை என்பாள். உப்பளம் முழுவதும் தேடிவிட்டேன் என்பார். அவர் குரல் தளர்வதைப் பொறுக்கமாட்டாமல், கருவி அவிழ்ந்து கடலில் விழுந்திருக்கும், பறவை எங்கேனும் நலமாயிருக்கும் என்று தேற்றினாள்.

அவள் அறிந்து சொன்ன பொய் அல்ல அது.

மூன்று மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. வெள்ளிதோறும் அவர் அழைக்கும் நேரம்.

மழை நன்றாகப் பிடித்திருப்பதைச் சொன்னார். பூநாரைகள் இன்னும் வந்து சேரவில்லை என்றார். வரும் சனவரியில் புதிதாகப் பத்துப் பறவைகளுக்குக் கருவி கட்டப்போகிறார்கள் என்றார்.

"இந்தத் தடவ நான் கட்டலம்மா. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன். அன்னிக்கு முடிச்சுப் போட்டது இந்தக் கைதானே. அவுந்து போச்சுல்ல."

இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்ட கை. ஒரு கால்கூட நொந்ததில்லை என்று அவரைப்பற்றி எல்லாரும் சொல்வார்கள்.

பிறகு பேசுகிறேன், அண்ணே என்று மட்டும் சொன்னாள்.

அந்த வலை அவர் வண்டியில் அரைமணி நேரத் தொலைவு. பறவை அதில் உயிரோடு கிடந்தது மூன்று நாள்.

பொத்தானை எடுத்துவிட்டு, அடுத்த பதிப்பில் தருவதாகச் சொல்லலாம். ஆய்வாளர்கள் காணும்போது அஃது ஓர் அட்டவணையில் ஒரு வரியாக இருக்கும். வேதையன்வரை வந்து சொல்ல ஒருவரும் இல்லை.

சுட்டியின்மேல் கை நெடுநேரம் இருந்தது.

பிறகு, தான் எழுதிய அந்த ஒற்றை வரியை அழித்தாள். ஆறு கோடுகளிலும் கறைபோலப் புள்ளிகள் பரவின. கருவால் மூக்கனின் கோட்டு முனையில் கருத்த பொட்டு ஒன்று தோன்றியது. மேலாளர் எட்டிப் பார்த்து, இதென்ன அசிங்கம் என்று கேட்டார்.

இப்படியே இருக்கட்டும் என்றாள்.

கைப்பேசியில் சொல்வதில்லை; நாளை முதற்பேருந்தில் வேதாரணியம் போவது; முடிச்சு அவிழவில்லை என்பதை முதலில் சொல்வது; அந்த மூன்று நாளையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.