குமிழிச் சத்தம்

1977இல் நோபல் பார்க் வீட்டில் என் மீன்தொட்டியின் பில்டரை நிறுத்தியவர் என் கணவரின் தமையன் கனகநாயகம். இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கும் அவருக்கு அதன் குமிழிச் சத்தம் பிடிக்கவில்லை. மூன்று நாள் கழித்து நாங்கள் சிட்னியிலிருந்து திரும்பியபோது ஒன்பது மீன்களில் எட்டு செத்து மிதந்தன.

"மீன்தானே பிள்ளை," என்றார்.

நான் சண்டை பிடிக்கவில்லை. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்து, மருந்து வாடை போன பிறகு, தினமும் தொட்டியில் கால்வாசியை மாற்றினேன். எடுத்த கலங்கல் தண்ணீரைக் குசினி யன்னலில் இருந்த கறிவேப்பிலைச் சாடிக்கு ஊற்றினேன். அந்தக் குளிரிலும் அது துளிர்த்தது. அவருடைய சொதிக்கு மட்டும் அதைக் கிள்ளிப் போட்டேன்.

எட்டாம் நாள் தண்ணீர் தெளிந்தது. பில்டரைப் போட்டேன். குமிழிகள் எழுந்தன, சத்தம் எழவில்லை. மிஞ்சிய மீன் கண்ணாடியோடு ஒட்டி நின்று அவருடைய அறைக் கதவையே பார்த்தது.

மத்தியானம் அவர் எழும்பி வந்தார். குமிழிச் சத்தம் அவர் நெஞ்சுக்குள்ளிருந்து கேட்டது.

"நித்திரை கொள்ளேலாமல் கிடக்கு. அந்தச் சத்தத்தை நிப்பாட்டு பிள்ளை!"

"ஓம் அத்தான்," என்று சொல்லிச் சுவிட்சில் விரலை வைத்தேன்.