ஆள் கம்மியான மொழி

குரல் கேட்டுத் திறக்கும் கதவுகளைச் செய்யும் நிறுவனத்தில், வாடிக்கையாளர் பட்டியலின் மொழிக் கட்டத்தைப் பார்த்துக்கொள்வதுதான் அம்புஜாவின் வேலை. அந்தக் கட்டத்தில் இருக்கும் மொழிக்குத்தான் மதுரையின் கடைகளும் வீட்டுக் கதவுகளும் காது கொடுக்கும்.

"சௌராஷ்டிரத்தைத் தூக்கிரும்மா, ஆள் கம்மி" என்றார் மேலாளர் ஜெரால்டு.

பக்கவாதம் வந்து தமிழ் மறந்துபோய், வீட்டில் பேசிய சௌராஷ்டிரம் மட்டுமே மிஞ்சிய அவள் அப்பா இனி எந்த மொழியில் கதவைத் திறக்கச் சொல்வார்? அம்புஜா சாயங்காலம்வரை உட்கார்ந்து, ஊரில் ஒருவர் விடாமல் எல்லார் கட்டத்தையும் மாற்றினாள்.

மறுநாள் காலை ஜெரால்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். "என் வீட்டுக் கதவு சௌராஷ்டிரத்துல சொன்னாத்தான் திறக்குதும்மா! ஜன்னல் வழியா குதிச்சு வர்றேன். ஊரே அப்படித்தான் கிடக்கு!"

"ஆள் கம்மின்னீங்களே சார்," என்றாள் அம்புஜா. "இப்ப எண்ணிப் பாருங்க."