தானியேல் சார் வந்த வீடு

நைட் ஷிப்ட் முடிந்து எட்டு மணிக்கே வந்துவிடும் கணவன் பென்னியைப் பதினொன்றாகியும் காணோம். செல்போனையும் எடுக்கவில்லை. அவன் வேலை செய்யும் கும்மிடிப்பூண்டி உருக்காலையை நினைத்து நினைத்து ஜெபா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள்.

அப்போது சரித்திர வாத்தியார் தானியேல் டேப்ரிக்கார்டரோடு வாசலுக்கு வந்தார். பேண்டு இசையை கேசட்டில் பதிந்து சேர்ப்பது அவருடைய நாற்பது வருடப் பைத்தியம். கல்யாணமோ சாவோ, பேண்டுக்கு முன்னால் அவர் வந்துவிடுவார்.

இந்த வீட்டில் கல்யாணம் எதுவும் இல்லை.

"சார்... பேண்டு வருதா?"

"அடடா, அதுக்குள்ள தெரிஞ்சிடுச்சா?"

"அவருக்கு இன்னா சார் ஆச்சு?" ஜெபா அலறினாள்.

"இன்னா ஆவும்? உனக்குத் தெரியாம சர்ச்சு பேண்டுல டிரம்பெட் கத்துக்கினான். இன்னிக்கு உன் பொறந்தநாளாமே, ஊட்டு வாசல்ல ஊதப் போறானாம்!"

ஜெபா அப்படியே சரிந்து உட்கார்ந்து, அழுதுகொண்டே பென்னியைத் திட்ட ஆரம்பித்தாள்.

சார் அவசரமாக ரெக்கார்டு பட்டனை அழுத்தினார்.